தூங்கும் கிழங்குக்குத் தண்ணீர் எதற்கு?

வாசகர் கேள்வி – வேளாண் அலுவலர் பதில்



கார்த்திகை முடியப் போகிறது. மலையில் மழை விலகி, விடியற்காலையில் புல்லின் மேல் வெள்ளை படியத் தொடங்கும் நேரம். வழக்கமாக இந்தப் பக்கத்தில் நாலைந்து பயிர்களைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுதுவேன். இந்த முறை ஒரே பூவைப் பற்றி ஐந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. அதில் முதல் கடிதம் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்துவிட்டது. அதனால் பக்கம் முழுவதையும் குட்டை டேலியாவுக்கே ஒதுக்கிவிட்டேன். நெல், கரும்பு பற்றி எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, எங்களுக்குக் கோத்தகிரி பக்கத்தில் 40 சென்ட் தேயிலையும், வீட்டை ஒட்டி 5 சென்ட் காலி இடமும் இருக்கிறது. பச்சைத் தேயிலை விலையை நம்பிக் குடும்பம் நடத்த முடியவில்லை. சீசனில் வருகிறவர்கள் பூந்தொட்டி கேட்கிறார்களே என்று, சென்ற ஆண்டு மகளிர் குழுவில் 15,000 ரூபாய் கடன் வாங்கி, 300 டேலியா கிழங்கு வாங்கி ஐப்பசியில் நட்டேன். நாள் தவறாமல் தண்ணீர் விட்டேன். 80 கூட முளைக்கவில்லை. முளைத்ததும் நாலடி வளர்ந்து காற்றில் சாய்ந்துவிட்டது. குட்டை ரகம் என்று சொல்லித்தான் விற்றார்கள். கடன் இன்னும் பாதி பாக்கி. இனிமேல் பூ என்ற பேச்சே வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். நான் மறுபடி முயலலாமா, விட்டுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நீலகிரி மாவட்டம்

பதில்: சகோதரி, விட்டுவிட வேண்டாம். ஆனால் சென்ற ஆண்டு செய்த மாதிரி செய்யவும் வேண்டாம். கடன் வாங்கி ஒரு கிழங்குகூட வாங்காதீர்கள். 60 தொட்டி, அதுவும் விதையிலிருந்து. இந்த ஆண்டு அவ்வளவுதான். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பணியில் சேர்ந்த தொடக்கத்தில் மலைப் பகுதியில் சில காலம் வேலை பார்த்தேன். படிப்பு முடித்த சூடு. ஒரு அம்மா வீட்டு முன்னால் டேலியா கிழங்கு நட்டுவிட்டு, “எப்பத் தம்பி தண்ணி விடணும்?” என்று கேட்டார்கள். உருளைக்கிழங்கு நினைப்பில், “நட்டதும் உயிர்த் தண்ணீர், பிறகு மூன்று நாளுக்கு ஒரு முறை” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதுவும் ஐப்பசி மாதம். ஒரு மாதம் கழித்துப் போனால், அந்த அம்மா ஒன்றும் பேசாமல் ஒரு கிழங்கைத் தோண்டி என் கையில் வைத்தார்கள். அமுக்கினால் கூழ். அத்தனையும் அழுகிவிட்டது. அவர்கள் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அதற்குப் பிறகுதான் இந்தச் செடி எங்கிருந்து வந்தது என்று படித்தேன்.

டேலியாவின் சொந்த ஊர் மெக்சிகோ மலைகள். 1789-ல் மெக்சிகோ நகரத் தாவரவியல் பூங்காவிலிருந்து ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டுக்குப் போனது. அங்கே 1791-ல், சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஆண்டர்ஸ் டால் என்பவரின் நினைவாக இந்தப் பெயர் வைத்தார்கள். 1963 முதல் அது மெக்சிகோவின் தேசிய மலர். நமக்கு வேண்டிய விஷயம் அந்த மலையின் மழைக் கணக்கு. அங்கே கோடையில் மழை, குளிர்காலம் வறட்சி. மழை வந்தால் செடி வளர்ந்து பூக்கும். மழை நின்று குளிர் வந்தால் மேல்செடி காய்ந்து, கிழங்கு காய்ந்த மண்ணுக்குள் தூங்கும். அடுத்த மழைக்குத்தான் எழும்.

நம் மலையில் தலைகீழ். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் நேரத்தில்தான் கிழங்கு தூங்கப் போகிறது. தூங்கும் கிழங்குக்கு வேர் கிடையாது. வேர் இல்லாமல் தண்ணீரைக் குடிக்க முடியாது. சுற்றி நிற்கும் ஈரம் அழுகலைத்தான் கொண்டுவரும். நீங்கள் மழை மாதத்தில் நட்டு, மேலும் தினமும் தண்ணீர் விட்டிருக்கிறீர்கள். நீங்கள் சோம்பேறியாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பிழைத்திருக்கும் என்றுதான் சொல்ல வேண்டும். உங்கள் உழைப்பில் குறை இல்லை, அம்மா. சொல்ல வேண்டியதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை.

கிழங்கில் கண் இருக்கிறதா?

இரண்டாவது காரணம், நீங்கள் வாங்கிய கிழங்கிலேயே இருந்திருக்கலாம். உருளைக்கிழங்கில் உடம்பெல்லாம் கண் இருக்கும். எங்கே வெட்டி நட்டாலும் முளைக்கும். டேலியாவில் அப்படி இல்லை. விரல் விரலாகத் தொங்கும் கிழங்கில் எங்கேயும் கண் கிடையாது. பழைய தண்டும் கிழங்கும் சேரும் கழுத்துப் பகுதியில் மட்டும்தான் முளைக்கண் இருக்கும். கழுத்து ஒடிந்த கிழங்கு எவ்வளவு கொழுகொழு என்று இருந்தாலும் முளைக்காது. சாக்கில் கொட்டி, எடை போட்டு, உதிரியாக விற்கும் கிழங்குகளில் பாதி இப்படித்தான் இருக்கும்.

ஆகவே எப்போது கிழங்கு வாங்கினாலும் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, அடித்தண்டின் ஒரு துண்டு கிழங்கோடு ஒட்டியிருக்க வேண்டும். இரண்டு, கழுத்து ஆடக்கூடாது. ஆடினால் உள்ளே ஒடிந்திருக்கிறது. மூன்று, கழுத்தில் கடுகளவு மேடு, இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ தெரிய வேண்டும். தூக்கத்தில் இருக்கும்போது கண் தெரியாது. அப்போது ஒரு தட்டில் லேசாக ஈரம் பட்ட தென்னை நார்க்கழிவைப் பரப்பி, கிழங்கைப் படுக்க வைத்து, கழுத்து வெளியே தெரியும்படி விட்டு, அடுப்படி பக்கம் வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். முளை வந்ததை மட்டும் மண்ணில் நடுங்கள். முளை வராததற்குத் தொட்டியும் உரமும் வீணாக்க வேண்டியதில்லை.

ஏன் விதை?

குட்டை டேலியா என்பது ஒன்று முதல் ஒன்றரை அடிக்குள் நின்று, பக்கக் கிளை விட்டு, குடை மாதிரிப் பூக்கும் ரகம். முட்டுக்குச்சி வேண்டாம். காற்றுக்குச் சாயாது. பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். தொட்டி விற்பனைக்கும், நடைபாதை ஓரப் பாத்திக்கும் இதுதான் பொருத்தம். இதில் விதையிலிருந்தே வளர்க்கும் ரகங்கள் இருக்கின்றன. விதை உறை வாங்கும்போது குட்டை ரகம் என்றும் உயரம் எவ்வளவு என்றும் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பில் கேட்டு வாங்கி வையுங்கள்.

கிழங்கோடு ஒப்பிட்டால் விதைக்கு முதலீடு குறைவு. முளைக்காவிட்டால் பத்து நாளில் தெரிந்துவிடும். முந்தின தோட்டத்து அழுகல் நோய் கிழங்கில் ஒட்டிக்கொண்டு வரும் பயமும் இல்லை. ஒரு குறை உண்டு: நிறம் கலவையாக வரும். தொட்டி விற்பனைக்கு அது குறையே அல்ல. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, ஊதா என்று வரிசையாக வைத்தால் வாங்குகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

விற்கும் நாளிலிருந்து பின்னால் எண்ணுங்கள்

உங்களுக்குச் சந்தை ஏப்ரல், மே. மே மாதம் ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் மலர்க்காட்சி நடக்கும்போது மலை முழுக்கக் கூட்டம். ஜூன் மழை பிடித்துவிட்டால் தொட்டி வாங்க ஆள் இருக்காது. விதை போட்டுப் பூக்க, இதமான இடத்தில் 10 முதல் 12 வாரம் ஆகும். நம் மலைக் குளிருக்கு 12 முதல் 14 வாரம் என்று கணக்கு வையுங்கள். முதல் 4 வாரம் தட்டில், மீதி தொட்டியில்.

98 குழி உள்ள குழித்தட்டு ஒன்று போதும். அதை மூன்றாக வெட்டிக்கொள்ளுங்கள். ஜனவரி 5, ஜனவரி 20, பிப்ரவரி 5 என்று மூன்று தவணையாக, தவணைக்கு 32 விதை போடுங்கள். முதல் தவணை ஏப்ரல் முதல் பாதியிலும், கடைசித் தவணை மே முதல் பாதியிலும் பூக்கும். எல்லாம் ஒரே நாளில் பூத்தால் விற்க முடியாமல் வாடும். ஒரு தவணை பனியில் போனாலும் மற்றது கைகொடுக்கும். 96 விதையில் நன்றாக வரும் 60-ஐ மட்டும் தொட்டிக்கு மாற்றுங்கள். 60-ல் 45 விற்றாலே போதும் என்றுதான் கணக்குப் போட வேண்டும்.

இதில் இன்னொரு சூட்சுமம். பகல் குறுகினால் டேலியா கிழங்கு வைக்கப் பார்க்கும். பகல் நீண்டால் பூ வைக்கும். நீலகிரியில் டிசம்பர் கடைசியில் பகல் சுமார் 11½ மணி நேரம், ஜூன் கடைசியில் சுமார் 12¾ மணி நேரம். ஜனவரியில் விதைத்த செடி வளர வளரப் பகலும் நீள்வதால் பூ திடமாக, இதழ் நிறைந்து வரும். ஐப்பசியில் நட்ட செடிக்கு அந்த வசதி இல்லை.

விதை போடுவதும் நாற்றும்

நன்றாக மக்கிய, உப்பு போகக் கழுவிய தென்னை நார்க்கழிவைக் குழிகளில் நிரப்புங்கள். கழுவாத நார்க்கழிவு நாற்றைக் கருக்கிவிடும். குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். பூவாளியால் லேசாக நனைத்து, மேலே பாலித்தீன் தாள் மூடி, வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். 5 முதல் 10 நாளில் முளைக்கும். முளைத்த அன்றே தாளை எடுத்துவிட்டு, வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று நூல் மாதிரி நீண்டுவிடும். இரவில் கட்டாயம் கூரைக்கு அடியில் இருக்க வேண்டும். உறைபனி ஒரே இரவில் டேலியாவைக் கறுக்கவைத்துவிடும்.

இரண்டு ஜோடி நிஜ இலை வந்ததும் தொட்டிக்கு மாற்றுங்கள்.

தொட்டியும் கலவையும்

ஒரு செடிக்கு 8 அங்குலத் தொட்டி சரி. 12 அங்குலத் தொட்டியில் மூன்று செடி வைத்தால் பெரிய விலைக்கு விற்கலாம். விடுதிக்காரர்கள் அதைத்தான் விரும்புவார்கள். அடியில் துளை இல்லாத தொட்டி டேலியாவுக்கு ஆகாது. துளையின் மேல் ஓட்டுச்சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைத்துக் கலவையை நிரப்புங்கள்.

கலவை: தோட்டத்து மண் 2 பங்கு, மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் 1 பங்கு, மக்கிய தென்னை நார்க்கழிவு 1 பங்கு. மண் களியாக இருந்தால் ஒரு பங்கு மணல். 8 அங்குலத் தொட்டிக்கு ஒரு சிறு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. தொழு உரத்தை 100 கிலோவுக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மா விரிடி என்ற அளவில் கலந்து, இரண்டு வாரம் நிழலில் ஈரமாக வைத்துப் பயன்படுத்தினால் வேரழுகல் குறையும்.

தேயிலை விளையும் மண் புளிப்பு மண். தேயிலைக்கு அது உயிர், டேலியாவுக்கு ஆகாது. அதற்குக் கார அமில நிலை 6.5 பக்கம் இருக்க வேண்டும். ஆகவே 10 லிட்டர் கலவைக்கு 20 முதல் 30 கிராம் டோலமைட் சுண்ணாம்பு கலந்து, இரண்டு வாரம் விட்டு நடுங்கள். பாத்திக்கு எவ்வளவு என்பதை மண் பரிசோதனை செய்து முடிவு செய்யுங்கள்.

ஓரப் பாத்தி

60 தொட்டி போக மீதி நாற்று இருந்தால் வாசலிலிருந்து ரோடு வரை ஓரத்தில் நடுங்கள். போகிறவர்களுக்கு அதுவே விளம்பரப் பலகை. பாத்தி தரையிலிருந்து அரை அடி உயர்ந்திருக்க வேண்டும்; சரிவில் தண்ணீர் தேங்காமல் வடிய வழி வேண்டும். செடிக்குச் செடி ஒரு அடி முதல் ஒன்றேகால் அடி. நெருக்கி நட்டால் அடி இலையில் காற்று புகாமல் சாம்பல் நோய் வரும். குறைந்தது 6 மணி நேர வெயில் படும் இடமாக இருக்கட்டும். சில்வர் ஓக் நிழலில் வைத்தால் குட்டை ரகமும் நெட்டையாகும்.

தண்ணீர், உரம், கிள்ளுதல்

விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். ஒட்டாவிட்டால் அடித்துளையில் வடியும் வரை ஊற்றுங்கள். பூவின் மேல், இலையின் மேல் ஊற்றாதீர்கள். மொட்டு வைத்த பிறகு மட்டும் காயவிடக்கூடாது; மொட்டு கருகிவிடும்.

தொட்டிக்கு மாற்றி மூன்று வாரம் கழித்து, 15 நாளுக்கு ஒரு முறை, லிட்டருக்கு 2 கிராம் 19:19:19 கரைத்து ஊற்றலாம். மொட்டு தெரிந்ததும் அதை நிறுத்திவிட்டு 13:0:45 அதே அளவில். இயற்கை வழியில் செய்கிறவர்கள் லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா தெளிக்கலாம். யூரியா மட்டும் வேண்டவே வேண்டாம். இலை செழிக்கும், பூ வராது, கிழங்கும் சேமிப்பில் தங்காது.

நாலு ஜோடி இலை வந்த பிறகும் ஒற்றைத் தண்டாக நிற்கும் செடிக்கு மட்டும் நுனியைக் கிள்ளுங்கள். கிள்ளினால் பூக்க இரண்டு வாரம் தள்ளிப்போகும். கடைசித் தவணைச் செடிகளில் கிள்ளாதீர்கள்.

வாடிய பூவை அவ்வப்போது எடுத்தால்தான் அடுத்த மொட்டு வரும். புதிதாகச் செய்கிறவர்கள் மொட்டையே கிள்ளிவிடுவார்கள். மொட்டு உருண்டையாக இருக்கும். பூத்து முடிந்தது கூம்பாக நீண்டிருக்கும். இதை வீட்டில் பிள்ளைகளுக்கும் காட்டிக்கொடுத்துவிடுங்கள்.

விற்கும்போது

இரண்டு பூ விரிந்து, நாலைந்து மொட்டு இருக்கும் தொட்டிதான் விற்கும். முழுக்கப் பூத்த செடி கொண்டுபோகும் வழியிலேயே உதிரும். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால், பழைய செய்தித்தாளில் செடியைச் சுற்றி, சணல் கயிற்றால் கட்டிக் கொடுங்கள்.

சமவெளிக்குக் கொண்டுபோகிறேன் என்று கேட்கிறவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: மே மாத வெயிலில் அங்கே இது தங்காது. ஒரு தொட்டி விற்காமல் போனாலும் பரவாயில்லை. உங்களிடம் சொன்ன மாதிரி நீங்களும் ஒருவரிடம் சொல்லிவிட வேண்டாம். உள்ளூர் விடுதிகள், காட்டேஜ்கள், பள்ளிகள், மலை வீடுகள்தான் உங்கள் நிலையான வாடிக்கை. ஜனவரியிலேயே இரண்டு மூன்று இடத்தில் போய்ப் பேசி, எத்தனை வேண்டும் என்று கேட்டுவிட்டு விதையுங்கள்.

விதை, தட்டு, தொட்டி, கலவை, உரம், வண்டி வாடகை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். செலவு முழுவதையும் 45-ஆல் வகுங்கள், 60-ஆல் அல்ல. அந்தத் தொகைக்கு மேல் உங்கள் பக்கத்தில் தொட்டி விலை போகிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டு கூட்டலாமா என்று முடிவு செய்யுங்கள். அந்த நோட்டை உங்கள் வீட்டுக்காரரிடமும் காட்டுங்கள். அவர் கோபம் பூவின் மேல் இல்லை, கடனின் மேல்தான் என்று நினைக்கிறேன்.

தாய்ச்செடியை விற்காதீர்கள்

ஏப்ரலில் பூக்கும்போது, எது குள்ளமாக, கிளை நிறைய விட்டு, நல்ல நிறத்தில் நிற்கிறதோ அந்தப் பத்துச் செடியில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். அதுதான் முதலில் விலைபோகும்; கேட்கிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள். ஆனாலும் கொடுக்காதீர்கள். அடுத்த ஆண்டு அவற்றின் கிழங்கை டிசம்பரில் கூரைக்கு அடியில் முளைக்கவிட்டு, 3 அங்குல முளைத்தண்டை வெட்டி, மணலும் நார்க்கழிவும் கலந்த தட்டில் நட்டால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். தாய் எப்படியோ பிள்ளை அப்படியே வரும். அதற்குப் பிறகு கிழங்கோ விதையோ வெளியில் வாங்க வேண்டியதில்லை.

தோட்டத்தில் இப்போது நிற்கும் நெட்டைச் செடிகளை மழை விட்டதும் தோண்டி எடுத்துச் சேமித்துவிடுங்கள். எப்படி என்று கீழே சொல்லியிருக்கிறேன். மார்ச்சில் வேலி ஓரத்தில் முட்டுக் கொடுத்து நட்டால் வெட்டுப்பூவாக விற்கலாம். போட்ட பணத்தில் கொஞ்சமாவது திரும்பும்.

கேள்வி: நர்சரியில் வாங்கியபோது ஒரு அடி உயரத்தில் அழகாகப் பூத்திருந்த டேலியா, அடுத்த ஆண்டு கிழங்கிலிருந்து மூன்றரை அடி வளர்ந்துவிட்டது. ஏன்?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: தொட்டிச் செடியைக் குள்ளமாக நிறுத்த, வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து கொடுப்பது நர்சரிகளில் உண்டு. அந்த மருந்தின் வேகம் தீர்ந்ததும் செடி தன் சுபாவ உயரத்துக்குப் போய்விடும். நிழலான இடத்தில் வைத்திருந்தாலும் நீளும். வாங்கும்போது ரகத்தின் பெயர் கேளுங்கள். பெயர் சொல்ல முடியாவிட்டால், கணுவுக்குக் கணு இடைவெளியைப் பாருங்கள்: அடியில் அகலமாகவும் மேலே திடீரென்று நெருக்கமாகவும் இருந்தால் மருந்தாக இருக்க வாய்ப்பு உண்டு.

இன்னொன்றும் கவனியுங்கள். நச்சுயிரி நோய் தாக்கிய செடியும் குள்ளமாகத்தான் இருக்கும். நரம்பு ஓரம் மஞ்சள் கோடு, தேமல், சுருங்கிய இலை, சிறுத்த பூ தெரிந்தால் அது குட்டை ரகம் அல்ல, நோய்ச்செடி. அதற்கு மருந்து இல்லை. கிழங்கிலும் தண்டிலும் நோய் தொடரும். பிடுங்கி எரித்துவிடுங்கள். அதில் பாய்ந்த கத்தியைத் துடைத்து, நெருப்பில் காட்டிவிட்டு அடுத்த செடிக்குப் போங்கள். நோயைப் பரப்புவது அசுவினியும் இலைப்பேனும். மஞ்சள், நீல ஒட்டுப்பொறிகளும், லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயோடு கொஞ்சம் காதி சோப்பும் போதும்.

கேள்வி: ஓசூரில் மாடித் தோட்டம் வைத்திருக்கிறோம். இங்கே குட்டை டேலியா வருமா? மதுரையில் இருக்கும் என் அக்காவும் கேட்கிறார்.
– வாசகி, ஓசூர்

பதில்: ஓசூரில் நன்றாக வரும். மழை நேரடியாகப் படாத இடமாகப் பார்த்து, செப்டம்பரில் விதைத்தால் டிசம்பர், ஜனவரியில் பூக்கும். மதுரையில் குளிர் மாதங்களில் மட்டும் ஆசைக்கு நாலு தொட்டி வைக்கலாம். மார்ச் வெயில் ஏறியதும் பூ சிறுத்து, செஞ்சிலந்தி சேர்ந்துவிடும். வியாபார எண்ணத்தில் மதுரையில் செய்ய வேண்டாம். அங்கே அக்காவுக்கு மல்லிகை இருக்கிறது.

கேள்வி: கிழங்கை எப்படிச் சேமிப்பது? ஏற்காட்டில் எங்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் பாதி அழுகுகிறது, மீதி சுருங்குகிறது.
– வாசகர், ஏற்காடு

பதில்: செப்டம்பர் கடைசியில் தண்ணீரைக் குறையுங்கள். வடகிழக்கு மழைக்கு முன் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்து, பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். இலை மஞ்சளாகிக் காய்ந்ததும், தண்டை 4 அங்குலம் விட்டு வெட்டி, கழுத்து ஒடியாமல் குத்தை எடுங்கள். தண்டைப் பிடித்து இழுக்கக்கூடாது. அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். மண்ணைக் கழுவி, தண்டைத் தலைகீழாக வைத்து நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். வெட்டுப்பட்ட இடத்தில் அடுப்புச் சாம்பல் அல்லது கந்தகத்தூள் தடவுங்கள். குத்தைப் பிரிக்காமல், மரப்பெட்டியில் உலர்ந்த மணலோ நார்க்கழிவோ போட்டுப் புதைத்து, இருட்டான, குளிர்ந்த அறையில் வையுங்கள்.

மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள். அழுகியதை வெட்டி எறியுங்கள். சுருங்கியிருந்தால் மணலில் கை அளவு தண்ணீர் தெளியுங்கள். ஜனவரியில் கண் வீங்கித் தெரியும்போதுதான் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு துண்டிலும் ஒரு கண் இருக்கும்படி. முளை இரண்டு அங்குலம் மண்ணுக்கு மேல் வரும் வரை, நட்ட கிழங்குக்குத் தண்ணீர் வேண்டாம். நடும்போது மண்ணில் இருக்கும் ஈரமே போதும்.

கேள்வி: டேலியா கிழங்கை மனிதர்கள் சாப்பிடுவார்கள் என்கிறார்களே, மாட்டுக்குப் போடலாமா? நத்தைத் தொல்லைக்கு என்ன செய்வது?
– வாசகர், குன்னூர்

பதில்: மெக்சிகோவின் பழங்குடி மக்கள் கிழங்கை உண்டிருக்கிறார்கள். ஆனால் நாம் வாங்கும் கிழங்கில் பூசணக்கொல்லி பூசியிருக்கலாம். ஆகவே மனிதருக்கும் வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம். நத்தைக்கு, மாலையில் நனைந்த சாக்கைப் பாத்தி ஓரம் போட்டு, காலையில் புரட்டிப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள். இளநாற்று வைத்த முதல் மூன்று வாரம் இதைத் தவறாமல் செய்தால் போதும்.

இந்தப் பதினைந்து நாளில் செய்ய வேண்டியவை

நிலத்தில் நிற்கும் டேலியா குத்துகளை எடுத்து உலர்த்துங்கள். தொழு உரத்தில் டிரைக்கோடெர்மா கலந்து மூடி வையுங்கள். நார்க்கழிவைக் கழுவி வையுங்கள். பழைய தொட்டிகளைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள். பில்லோடு விதை வாங்குங்கள். விடுதிகளில் போய் விசாரியுங்கள்.

கோத்தகிரி சகோதரிக்குக் கடைசியாக ஒன்று. மே மாதம் உங்கள் 60 தொட்டியின் கணக்கை, லாபமோ நஷ்டமோ, எனக்கு எழுதி அனுப்புங்கள். நஷ்டம் என்றாலும் மறைக்காமல் எழுதுங்கள். உங்கள் பெயர் இல்லாமல் இதே பக்கத்தில் போடுகிறேன். உங்களைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் பல வீடுகளுக்கு அது என் பதிலைவிடப் பயன்படும்.

அடுத்த இதழில் நெல், கரும்புக் கேள்விகளோடு சந்திப்போம்.